தூர இடத்தில் இருப்பவர்களுக்காக

ஆயர் இல்லத்திலிருந்து எங்கள் பங்குக் கோயிலுக்கு ஒரு படிவம் வந்தது. ஞாயிறு பூசைக்கு மக்கள் வருவது ஏன் குறைந்துவிட்டது என்பது கேள்வி. கீழே சின்னச் சின்னப் பெட்டிகள். வெளிநாடு போனது, பிள்ளைகளின் ரியூசன், தொழில், குடும்பப் பிணக்கு, வேறு கிறிஸ்தவ சபைகளில் சேர்ந்தது. பொருந்துவதற்கு நேரே சரி போட வேண்டும். கடைசியில் ‘வேறு காரணம் இருப்பின் எழுதுக’ என்று போட்டு, அதற்கு ஒரேயொரு புள்ளிக்கோடு விட்டிருந்தார்கள். எங்கள் சுவாமியார் மூன்று கோயில்களை ஒற்றை ஆளாகப் பார்க்கிறவர். “ஊர் நடப்பு உங்களுக்குத்தானே தெரியும், நீங்களே நிரப்பித் தாங்கோ” என்று என் கையில் திணித்துவிட்டு மோட்டார்சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

புதுக்குடியிருப்பிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் வழியில் எங்கள் ஊர். படகு இஞ்சின் திருத்துவது என் தொழில். நாயாற்றிலிருந்தும் எனக்கு வேலை வரும். படிவம் ஒரு மாதமாகப் பட்டறை மேசையில் கிரீஸ் பட்டுக் கிடந்தது. பெட்டிகளுக்குச் சரி போடுவது ஐந்து நிமிட வேலை, ஏனென்றால் எல்லாமே உண்மை. கோயில் கூட்டத்தில் கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எல்லாம் இந்தப் போனால் வந்த கேடு என்பார் ஒருவர். பிரசங்கம் தொடங்கியதும் போனைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிற முதல் ஆள் அவர்தான். நான் மாட்டுப்பட்டது அந்தப் புள்ளிக்கோட்டில். அதில் நான் எழுத வேண்டியது என்னைப் பற்றி.

எங்கள் கோயிலை யுத்தம் முடிந்த பிறகு புதிதாகக் கட்டினோம். மாபிள் பதித்த தரை, இருக்கத் தேக்கு வாங்குகள், மேலே ஆறு மின்விசிறி. இப்போது இரண்டு கிழமைக்கு ஒரு தடவைதான் பூசை. ஆறு விசிறிக்கும் கீழே இருபது பேர் தேறினால் பெரிய விசயம். அந்த இருபது பேரும் சொல்லிவைத்த மாதிரிப் பின் வாங்குகளில்தான் இருப்பார்கள். நான் முன்னுக்கு நின்று வாசிக்கும்போது என் குரல் வெறும் வாங்குகளில் பட்டு எனக்கே திரும்பி வரும்.

என் குரல் பெரிது. ஓடுகிற இஞ்சினுக்கு மேலால் கதைத்துக் கதைத்து வந்த குரல். அதனால்தான் கோயிலில் மன்றாட்டு வாசிக்கிற வேலை எனக்கு வந்தது. அதற்கென்று ஒரு கொப்பி வைத்திருந்தேன். ஒரு பக்கத்தில் செத்தவர்களின் பெயர்கள். நவம்பர் ஆன்மாக்களின் மாதம் என்பதால் அந்த மாதம் முழுக்க பூசைகளில் அதை வாசிப்போம். மற்றப் பக்கத்துக்கு ‘தூர இடத்தில் இருப்பவர்கள்’ என்று பெயர். அந்தப் பக்கம் எங்கள் ஊரில் மட்டும்தான் இருந்தது என்று நினைக்கிறேன்.

அதை ஏற்படுத்தியவர் பழைய சுவாமியார். ஷெல்லடிக்குப் பயந்து எங்களோடு பங்கருக்குள் இருந்து, முகாமிலும் இருந்து, எங்களோடே ஊருக்குத் திரும்பி வந்த மனிதர். வந்து முதல் நவம்பரில், காணாமல் போனவர்களை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று கேட்டேன்.

“செத்ததுக்குச் சாட்சி இல்லாத ஒருத்தரையும் ஆன்மாக்களோடை சேர்க்காதை தம்பி.”

“அப்ப எங்கை சுவாமி எழுதுறது?”

“கனடாவிலை, லண்டனிலை இருக்கிறவைக்கும் செபிக்கிறம்தானே. அவையோடை எழுது. தூர இடத்திலை இருக்கிறவை பத்திரமாய்த் திரும்பி வரவேணும் எண்டு வாசி.”

அப்படியே வாசித்தேன். கட்டார் போனவன், கனடா போனவள், எங்கே என்று யாருக்கும் தெரியாதவன், எல்லோரும் ஒரே மூச்சில் வந்தார்கள். கேட்கிறவர்களுக்கு யார் எந்த வகை என்று பிரித்துப் பார்க்க முடியாது. அந்த வருடங்களில் கோயில் நிரம்பி வழிந்தது. வாங்கு இல்லாமல் பாய் விரித்து இருந்தார்கள். பெயரைக் கேட்பதற்காகவே வந்தவர்கள் பலர். என் தங்கச்சியும் அதற்காகத்தான் வந்தாள்.

தங்கச்சி வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்த வளவு. நடுவில் ஒரு வேலி, வேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு பொட்டு. கறி, சீனி, சண்டை, சமாதானம் எல்லாம் அந்தப் பொட்டுக்குள்ளால்தான் போய் வந்தன. அவளுடைய புருசன் எனக்கு மச்சான் மட்டுமல்ல, இளம் வயதிலிருந்தே கூட்டாளி. கடைசிச் சண்டையின்போது கடற்கரைப் பக்கம் ஒரே பங்கருக்குள் இரண்டு குடும்பமும் இருந்தோம். தண்ணீர் முடிந்துவிட்டது. என் பிள்ளைகளும் அழுதார்கள். மச்சான்தான் கலனைத் தூக்கிக்கொண்டு கிணறு தேடிப் போனார். கலனும் வரவில்லை, ஆளும் வரவில்லை.

பழைய சுவாமியார் மாற்றலாகிப் போன பிறகு இளம் சுவாமியார் ஒருவர் வந்தார். கொப்பியைப் பார்த்தார். “இவ்வளவு காலத்துக்குப் பிறகு இதிலை சில பேருக்கு இளைப்பாற்றி மன்றாட்டு வேண்டாமோ? குடும்பங்களோடை கதைச்சு, அவை சம்மதிச்சால் ஆன்மாக்களின்ரை பக்கத்துக்கு மாத்துங்கோ” என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கதைத்து, சம்மதம் கேட்டு என்று தெளிவாகத்தான் சொன்னார். அதைச் செய்யாமல் விட்டவன் நான்.

ஏன் விட்டேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். மச்சான் உயிரோடு இல்லை என்று எனக்குள் நான் எப்போதோ முடிவுகட்டியிருந்தேன். அதை ஒருவருக்கும் சொன்னதில்லை. எங்கள் வயதுக்காரர்கள் ஞானோபதேச வகுப்பில் படித்தது, உத்தரிக்கிற ஸ்தலத்தில் ஆன்மாக்கள் தாகத்தோடு காத்திருக்கும், நாங்கள் செபித்தால்தான் அவற்றுக்கு ஆறுதல் என்று. தண்ணீருக்குப் போன மனிதர். என் பிள்ளைகளுக்கும் சேர்த்துப் போனவர். அவர் அங்கே தாகத்தோடு கிடக்க, நான் இங்கே பத்திரமாய்த் திரும்பி வரட்டும் என்று வாசித்துக்கொண்டிருக்கிறேனே என்று எனக்கு நெஞ்சு கொதித்தது. ஒரேயொரு முறை, அவருக்கு உரிய இடத்தில் அவர் பெயரை வாசித்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். தங்கச்சிக்குத் தெரியாமல்.

மச்சானின் பிறந்தநாள் நவம்பரில் வரும். அந்த வருடம் அது ஒரு புதன்கிழமை. புதன் விடியப் பூசைக்கு நாலைந்து பேருக்கு மேல் வரமாட்டார்கள். தங்கச்சி தையல் தொழிற்சாலைக்குப் போகிறவள், ஆறு மணிக்கெல்லாம் பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். நல்ல நாள் என்று நினைத்தேன். எனக்கு நினைவிருந்த பிறந்தநாள் அவளுக்கும் நினைவிருக்கும் என்பது மட்டும் இந்த மரமண்டைக்குத் தோன்றவில்லை.

அவருடைய ஞானஸ்நானப் பெயரையும் தகப்பன் பெயரையும் சேர்த்து, நிறுத்தி நிதானமாக வாசித்தேன். குரல் நன்றாக இருந்தது. அது வேறு எனக்கு மறக்கவில்லை. பட்டியலை முடித்து, ‘நித்திய இளைப்பாற்றி’ என்று தொடங்கி நிமிர்ந்தபோது, பெண்கள் பக்கத்துக் கடைசி வாங்கில் தங்கச்சி நின்றாள். அன்று அரைநாள் லீவு எடுத்திருக்கிறாள். தூர இடத்தில் இருக்கும் தன் புருசனுக்காக அவளே சுவாமியாரிடம் பூசை கேட்டிருக்கிறாள். அவர் பெயர் எப்போது வரும் என்று காது கொடுத்துக் காத்திருந்தவள் அதைச் செத்தவர்களின் நடுவில் கேட்டாள்.

அழவில்லை. முக்காட்டைத் தலையிலிருந்து எடுத்து மடித்தாள். பக்கக் கதவால் இறங்கி, செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள். பூசை முடியும் வரைக்கும் நான் வாசிப்பு மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்தபோது வேலிப் பொட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

“நீங்கள் கண்டனீங்களோ அண்ணை?”

“என்னத்தைப் பிள்ளை?”

“அவரின்ரை உடம்பை. கண்டனீங்களோ?”

“இல்லை.”

“கண்டவை ஆரும் உங்களுக்குச் சொன்னவையோ?”

“இல்லைப் பிள்ளை.”

“அப்ப ஏன் வாசிச்சனீங்கள்?”

அவருக்கு ஆறுதல் கிடைக்கட்டும் என்று ஏதோ வாய்க்குள் முணுமுணுத்தேன். ஊருக்கே கேட்கிற குரல் வேலிக்கு அந்தப் பக்கம் போகவில்லை.

“கோயிலிலை வச்சு, எல்லாருக்கும் முன்னாலை, கூடப்பிறந்த நீங்களே என்னை முண்டச்சி ஆக்கிப்போட்டியள்” என்றாள். அடுத்த நாள் அந்தப் பொட்டை ஒரு பழைய தகரத்தால் அடைத்துக் கம்பியால் இறுக்கிக் கட்டினாள்.

அன்று கோயிலில் இருந்தவர்கள் ஐந்து பேர்தான். மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஊர் அவள்மேல் இரங்கியது. அந்த இரக்கம்தான் கொடுமை. டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு விதவைகளுக்குச் சேலை கொடுக்கும்போது அவளுடைய பெயரையும் எழுதிக்கொண்டு வந்தார்கள். ‘இனியாவது மனதைத் தேற்றிக்கொள்’ என்று வீடு தேடி வந்து சொன்னார்கள். இன்னொன்றும் நடந்தது. வாசிக்கிறவனே தன் மச்சானை மாற்றிவிட்டானே என்று வேறு குடும்பங்களும் வந்து, எங்கட பிள்ளையையும் மாற்றிவிடுங்கோ என்றார்கள். மாற்றினேன். மாற்றியவர்கள் அந்த நவம்பர் முழுக்க வந்து அழுதார்கள். அதற்குப் பிறகு மெல்ல மெல்ல வராமல் விட்டார்கள். வந்து கேட்பதற்கு அவர்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை. தூர இடத்துப் பக்கத்தில் வெளிநாட்டுக்காரர்கள் மட்டும் மிஞ்சினார்கள். அவர்களோடு வட்ஸ்அப்பில் தினமும் முகம் பார்த்துக் கதைக்கிறவர்களுக்கு என் வாசிப்பு எதற்கு? அந்தப் பக்கத்தையே வாசிக்காமல் விட்டேன்.

தங்கச்சி புதுக்குடியிருப்பில் ஒரு சபைக்குப் போகத் தொடங்கினாள். தகரக் கூரை, பிளாஸ்டிக் கதிரை, பெரிய ஸ்பீக்கர். எங்கள் ஆட்கள் சபைக்காரர்களைப் பகிடி பண்ணுவார்கள். மாவுக்கும் அரிசிக்கும் விலைபோனவர்கள் என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அவள் ஏன் போனாள் என்பதை என் மனைவியிடம் சொல்லியிருந்தாள். அது ஒரு வரிதான்.

“அங்கை செத்தவைக்குச் செபம் இல்லை மச்சாள்.”

அவர்களின் போதனையில் இறந்தவர்களுக்காக மன்றாடுவது கிடையாது. அதைப் பிழை என்று நான் நாலு வசனம் எடுத்து வாதாடுவேன். ஆனால் என் தங்கச்சிக்கு அந்தப் பிழைதான் தேவைப்பட்டது. செத்தவர்களைக் கவனித்துக்கொள்வதில் எங்கள் கோயிலை மிஞ்ச ஆளில்லை. மூன்றாம் நாள், முப்பத்தோராம் நாள், ஆண்டுப் பூசை, சேமக்காலையில் கல்லறைக்கு மெழுகுதிரி என்று எல்லாவற்றுக்கும் முறை இருக்கிறது. சாகாத, வராத ஒருவருக்கு ஒரு முறையும் இல்லை. பழைய சுவாமியார் தன் மனதிலிருந்து ஒரு பக்கம் உண்டாக்கித் தந்தார். அதை நான் கெடுத்தேன்.

சரிப்படுத்தப் பார்த்தேன். அவர் பெயரைச் செத்தவர்களின் பக்கத்திலிருந்து பேனையால் அழுத்தி வெட்டினேன். மாதா பார்த்துக்கொள்வா என்றும் நம்பினேன். ஒக்டோபர் செபமாலை மாதத்தில் எங்கள் ஊரில் மாதா சுருபம் வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு நாள் வைத்துச் செபமாலை சொல்லி, அடுத்த நாள் பொழுதுபட அடுத்த வீட்டுக்குப் பாட்டோடு கொண்டு போவோம். அடுத்த வீட்டுக்காரர் மெழுகுதிரியோடு வாசல் படலையில் நின்று ஏற்க வேண்டும். மாதாவைத் திருப்பி வந்த வழியே கொண்டு போவதில்லை என்பது முறை. முந்தி முப்பத்தொரு நாளும் போதாமல் ஒரு நாளைக்கு இரண்டு வீடு என்று போன காலம் உண்டு. எங்கள் வீட்டிலிருந்து மாதா எப்போதும் போவது தங்கச்சி வீட்டுக்கு.

அவள் கோயிலை விட்ட பிறகு வந்த முதல் ஒக்டோபரில், ஒருவரிடமும் கேட்காமல் சுருபத்தைத் தூக்கிக்கொண்டு அவள் படலைக்குப் போனேன். பின்னால் எட்டுப் பத்துப் பேர். மாதாவை வாசலில் கண்டால் மனம் இளகும் என்று என் கணக்கு. படலை சாத்தியிருந்தது. வெளியே வந்து, படலையைத் திறக்காமல் நின்றாள். ஏசவில்லை.

“மாதாவோடை எனக்குக் கோவம் இல்லை அண்ணை. அவாவை நிக்க வச்சு என்னைச் சங்கடப்படுத்தாதேங்கோ. கொண்டு போங்கோ.”

பாட்டு நின்றுவிட்டது. அடுத்த வீட்டுக்குப் போனோம். அதற்கடுத்த வருடம் அந்த வீட்டுக்காரர் பிள்ளைகளின் படிப்புக்கென்று வவுனியாவுக்குப் போய்விட்டார்கள். அதற்கு அங்கால் ஒரு வீட்டில் மகன் எல்லோரையும் பிரான்சுக்கு எடுத்துவிட்டான், பூட்டு தொங்குகிறது. மற்ற இரண்டு வீட்டுக்காரரும் சபைக்குப் போகிறவர்கள். பெட்டியில் சரி போடுவதென்றால் எங்கள் ஒழுங்கையிலுள்ள வீடுகளே போதும். இந்த வருடம் எங்கள் வீடுதான் கடைசி. சுருபம் வந்தது, போக இடமில்லை. ஒக்டோபர் முடிந்து நவம்பர் பிறந்த பிறகும் எங்கள் விறாந்தை மேசையிலேயே இருந்தது. மனைவி தினமும் தூசு தட்டினாள்.

இதற்கிடையில் தங்கச்சி சபைக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள் என்று அறிந்தேன். எனக்கு வந்த சந்தோசத்தைச் சொன்னால் வெட்கம். பட்டறையைப் பூட்டிவிட்டு, முகம் கழுவி, வீதியால் சுற்றி அவள் வீட்டுக்குப் போனேன். இனி எங்கட கோயிலுக்கே வா பிள்ளை என்று சொல்வதற்கு. கதிரை எடுத்துப் போட்டாள், தேத்தண்ணி தந்தாள். நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அங்கை முதல் வருசம், உன்ரை மனுசன் நத்தாருக்கு வருவார் எண்டு தீர்க்கதரிசனம் சொல்லிச்சினம். அடுத்த வருசமும் சொல்லிச்சினம். பிறகு, நீ முழு மனதோடை விசுவாசிக்கேல்லை, அதாலைதான் பிந்துது எண்டினம். எனக்கு இருந்தது ரெண்டு இடம் அண்ணை. ஒரு இடத்திலை அவரைச் சாகடிச்சியள். மற்ற இடத்திலை அவர் வராததுக்கு நான்தான் காரணம் எண்டினம். இனி எனக்கு ஒரு இடமும் வேண்டாம்.”

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன். வேறென்ன செய்ய?

பத்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை பின்னேரம், அவளே எங்கள் வீட்டுக்கு வந்தாள். பொட்டு அடைத்தபடிதான் இருந்தது, படலையால் வந்தாள். விறாந்தையில் மாதாவைக் கண்டு ஒரு நிமிடம் நின்றாள். கும்பிடவில்லை. கதிரையில் இருந்தாள். பிறந்தநாள் கிட்டி வருகிறது என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

“அண்ணை, உங்கட கொப்பியிலை அவரின்ரை பேர் இப்பவும் இருக்கோ?”

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன்போல எழுந்தேன். “இல்லைப் பிள்ளை. எப்பவோ வெட்டிப்போட்டன். இனி ஒருத்தரும் வாசிக்கமாட்டினம்” என்று கொப்பியை எடுத்து வந்து அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டினேன். நீல மையால் அழுத்தி வெட்டிய கோடு. அதை விரலால் தடவிப் பார்த்தாள்.

“மற்றப் பக்கத்திலை?”

“எந்தப் பக்கம்?”

“தூர இடத்துப் பக்கம். அதிலை திருப்பி எழுதினனீங்களோ?”

எழுதவில்லை. அவளைக் கேட்காமல் அவர் பெயரில் இன்னொரு முறை கை வைக்க எனக்குத் துணிவு வரவில்லை. அவளைக் கேட்கவும் துணிவு வரவில்லை. பிறகு அந்தப் பக்கத்தை வாசிப்பதே நின்றுவிட்டது. இதையெல்லாம் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “எழுதேல்லை” என்பது மட்டும்தான் வந்தது.

அவள் கொப்பியை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

“நானும் மாசி மாதத்தோடை செபிக்கிறதை விட்டுப்போட்டன். ஏலாமல் போச்சு. நான் விட்டாலும், உங்கட கொப்பியிலை எங்கையோ ஒரு மூலையிலை அவரின்ரை பேர் கிடக்கும், நீங்களாவது வாசிப்பியள் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்.” கதிரையை விட்டு எழுந்தாள். “அப்ப இவ்வளவு நாளும் அவருக்காக ஒருத்தரும் செபிக்கேல்லை.”

கொப்பியை என்னிடம் தந்துவிட்டுப் போனாள். படலையைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

அன்று மனைவியைச் சமையலுக்குப் போகச் சொல்லிவிட்டு, மாதாவுக்கு முன்னால் நான் தனியே முழங்காலில் நின்றேன். இன்றைக்காவது மச்சானுக்காக ஒரு மன்றாட்டுச் சொல்ல வேண்டும் என்று. இளைப்பாற்றி கேட்பதா, பத்திரமாய்த் திரும்பி வரட்டும் என்று கேட்பதா? ஒன்றைச் சொன்னால் தங்கச்சிக்குத் துரோகம். மற்றதைச் சொன்னால் எனக்கே பொய். இரண்டையும் மாற்றி மாற்றித் தொடங்கிப் பார்த்தேன். ஒன்றையும் முடிக்க வரவில்லை. முழங்கால் நோவெடுக்க எழுந்துவிட்டேன்.

மறுநாள் ஞாயிறு, எங்கள் முறைப் பூசை. மணி அடித்தது. மனைவி சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். படிவத்தில் ஐந்து பெட்டிக்கும் சரி போட்டு, புள்ளிக்கோட்டை வெறுமையாக விட்டு, மடித்துக் கொப்பிக்குள் வைத்து அவளிடம் கொடுத்தேன்.

“ஏன், நீங்கள் வரேல்லையோ?”

“இல்லை.”

எங்கள் இருபத்தேழு வருடக் கலியாணத்தில் அவள் என்னிடம் காரணம் கேட்காத விசயமே இல்லை. அன்று கேட்கவில்லை. கொப்பியை வாங்கிக்கொண்டு தனியே போனாள்.